கார் படுக்கிற இடத்தில் கரன்ட் இருக்கா?

பெங்களூர் வாசகர்களின் மின்சார கார் கேள்விகளுக்கு, பீன்யா தொழிற்சாலை ஒன்றில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வுபெற்ற நம் சி.வி. ராமன் நகர் அக்கா பதில் சொல்கிறார்.

அக்கா, வாடகை வீட்டில் இருக்கிறோம். கீழே கார் நிறுத்த இடம் உண்டு, பிளக் கிடையாது. மின்சார கார் வாங்கினால் மாநில அரசின் கிருஹ ஜோதி இலவச மின்சாரச் சலுகை போய்விடும் என்கிறார் மாமியார். ஹவுஸ் ஓனரோ, வீட்டு ஒயரிங் தாங்காது என்கிறார். யார் சொல்வது சரி?
– ராமமூர்த்தி நகர் வாசகி

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். முதலில் மாமியார் பேச்சைப் பார்ப்போம். மாதம் 200 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கிருஹ ஜோதியில் அந்த மாத பில் முழுவதும் நம் தலையில். நீங்கள் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நெரிசலில் ஒரு சின்ன எஸ்யூவி யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் தரும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 160 யூனிட். வீட்டுக்கு 100 என்றால் மொத்தம் 260. இலவசம் போச்சு.

போகட்டும். யூனிட்டுக்கு 7 ரூபாய் போட்டாலும் யூனிட் கணக்கு 1,820 ரூபாய்தான். அதே தூரத்துக்குப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தால் 77 லிட்டர் ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 7,700. சலுகையை விட்டுக்கொடுத்த பிறகும் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம். இதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். போனில் காட்டினால் மாமியார்கள் நம்புவதில்லை.

அடுத்து ஓனர். அவர் பயம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பாதிப் பேர் கார் புக் பண்ணிவிடுகிறார்கள். காரோடு வரும் சார்ஜர் 15 ஆம்ப்ஸ் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். கீசரும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கிறதே என்பீர்கள். கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் காலை வரை நிற்காமல் இழுக்கும். பழைய ஒயர், தளர்ந்த ஸ்க்ரூ, மலிவு பிளக் எல்லாம் அந்த நேரத்தில்தான் சூடாகி உருகும். அதனால் மீட்டரிலிருந்து நேராகத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், லோடு மீறினால் தானே அணையும் தனி எம்சிபி, கூடவே கரன்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி, நல்ல எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பழைய வீடுகளில் நம் ஊர் மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் அனுமதித்த லோடே 2, 3 கிலோவாட்தான் இருக்கும். மீட்டர் பில்லில் பாருங்கள், குறைவாக இருந்தால் கூட்டித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஓனர் கையெழுத்து வேண்டும். செலவு உங்களுடையது, காலி பண்ணும்போது ஒயர் ஓனருக்கு, சார்ஜர் உங்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். காருக்கு அட்வான்ஸ் கட்டுவது இதற்கெல்லாம் அப்புறம்.

எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் பேஸ்மென்டில் சார்ஜர் போட விட மாட்டேன் என்கிறது. தீப்பிடிக்குமாம். சட்டம் என்ன சொல்கிறது, மேடம்?
– சர்ஜாபூர் ரோடு வாசகர்

மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், 2024ல் அதன் இடத்தில் வந்ததிலும், வீட்டிலும் ஆபீசிலும் இருக்கிற இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று தெளிவாக இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். செயலாளர் சொல்வதிலும் விஷயம் உண்டு, லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது சுலபமில்லை. ஆனால் இத்தனை வருஷம் பேனல் போர்டுகளோடு குப்பை கொட்டியவள் சொல்கிறேன், பேஸ்மென்டில் நான் பயப்படுவது பேட்டரிக்கு இல்லை, லூஸ் கனெக்‌ஷனுக்கு. அதைச் சரிபார்க்கும் உரிமையை அசோசியேஷனுக்கே கொடுத்துவிடுங்கள். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் செய்வார், உங்கள் எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும், வருஷம் ஒரு தடவை திறந்து சோதிக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். 'கூடாது' என்பவர்கள் பலருக்கும் வேண்டியது பொறுப்பேற்க ஒரு ஆள்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். கார் லைனை, கரன்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது பிளாட்டுக்கு ஒரு கிலோவாட் போலத்தான் தருவார்கள். உங்கள் கார் 3 கிலோவாட் கேட்டால் டிரிப் ஆகி வீடு முழுக்க இருட்டு. சில சார்ஜர்கள் ஜெனரேட்டர் கரன்டைப் பார்த்ததும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அடம் பிடிக்கும், எர்த் சரியில்லை என்று. கார் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள், முதலில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பாருங்கள்.

அக்கா, 40 யூனிட் பேட்டரி கார். குடும்பத்தோடு சென்னை போய்வர எங்கே நிறுத்தணும்? போகும்போது கிடைத்த மைலேஜ் வரும்போது கிடைக்கவில்லை என்று நண்பன் புலம்புகிறான். பேட்டரி போச்சா?
– பானஸ்வாடி வாசகர்

நண்பரின் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, சென்னையோ கடலை ஒட்டி. காரும் ஆளும் பெட்டியுமாக 1,800 கிலோ எடையை 900 மீட்டர் மேலே தூக்க மட்டும் 4.4 யூனிட் வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான். மோட்டாரில் வீணாவதோடு 5 என்று வையுங்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போச்சா? பெட்ரோல் காரிலும் இது உண்டு, அங்கே யாரும் ஒவ்வொரு சதவீதமாக எண்ணிக்கொண்டு உட்காருவதில்லை.

போகும்போது வேலூர்ப் பக்கம் ஒரு நிறுத்தம் போதும், இறக்கம் உங்களுக்கு உதவும். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 210 கிலோமீட்டர் ஓடி அங்கே இறங்கும்போது இருபது சதவீதம் கையில் இருக்கும். 110ல் பறந்தால் இந்தக் கணக்கு உதவாது. வரும்போது வேலூரோடு கிருஷ்ணகிரியிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஓசூர் ஏற்றம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

வேகமான சார்ஜரில் 20லிருந்து 80 சதவீதம் மளமளவென்று ஏறும், அதற்கு மேல் நத்தை. காலி பஸ்ஸில் ஏறி உட்காருவதற்கும், நிரம்பிய பஸ்ஸில் கடைசி ஒரு சீட்டைத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். 80 வந்ததும் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள், பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கும். ஒரே மெஷினில் இரண்டு சார்ஜிங் கன் இருந்தால், பக்கத்துக் கார் சொருகியதும் உங்களுக்கு வேகம் குறையலாம். அதற்காக அவரை முறைக்காதீர்கள். வெளியே யூனிட் விலை வீட்டைவிடப் பல மடங்கு, அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் அடக்கம்.

ஆப்பில் பச்சையாகக் காட்டுகிறதே என்று நம்பிப் போகவும் வேண்டாம். நெடுஞ்சாலை ஹோட்டல் ஒன்றில் மெஷின் மேல் துணி போர்த்தி வைத்திருந்தார்கள், ஆப்பில் 'தயார்' என்று இருந்தது. கிளம்பும் முன் ஸ்டேஷன் நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு ஆப் வாலட்டிலாவது முன்தினமே பணம் போட்டுவையுங்கள்.

மூன்று வாரம் திருநெல்வேலி போய்விட்டு வந்தால் கார் கதவே திறக்கவில்லை. பேட்டரி 70 சதவீதம் என்று ஆப்பில் பார்த்தேனே!
– ஹலசூரு வாசகி

பெரிய பேட்டரி நலம். செத்தது 12 வோல்ட் பேட்டரி. மின்சார காரிலும் அது உண்டு. கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் விழிக்கும். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தும் காரை எழுப்ப முடியாது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, மெக்கானிக்கை வைத்து ஜம்ப் கொடுங்கள். அடிக்கடி ஆப்பைத் திறந்து காரை எட்டிப் பார்ப்பதும் அதைத் தூங்கவிடாது. ஊரில் இருக்கும்போது மாமன் மகனிடம் காட்டுவதற்காக நாலு தடவை திறந்தீர்களா?

கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும் லேன் அசிஸ்ட் சதா கத்துகிறது. ஸ்டீயரிங்கையும் பிடித்து இழுக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை அணைப்பது?
– மாரத்தஹள்ளி வாசகர்

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கோடு எங்கே இருக்கிறது, அது பார்த்துச் சொல்ல? ஊருக்குள் லேன் உதவியை அணையுங்கள், நெடுஞ்சாலையில் போடுங்கள். தானாக பிரேக் பிடிப்பதை மட்டும் அணைக்காதீர்கள். இடையில் பைக் புகுந்தால் சில நேரம் சட்டென்று பிடிக்கும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வேகம் குறைந்து பேட்டரிக்குக் கரன்ட் திரும்பும் வசதியை நெரிசலில் அதிகமாக வையுங்கள். கால் வலி பாதி குறையும். வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் வாந்தி வரலாம், அவர்கள் ஏறும்போது குறைத்துவிடுங்கள். ஏசிக்கும் கண்ணாடி பனி துடைப்பதற்கும் பட்டன் இல்லாமல் எல்லாவற்றையும் திரைக்குள் ஒளித்துவைக்கும் கார்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மழையில் ஓட்டிக்கொண்டே மெனு தேட முடியுமா?

மழைத் தண்ணீரில் போகலாமா? ஐபி67 என்று ஷோரூமில் சொன்னார்கள்.
– பெல்லந்தூர் வாசகர்

2022 செப்டம்பர் வெள்ளத்தில் உங்கள் ஏரியா எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்தும் பாதிக்கிற அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று சோதனைக்கூடத்தில் பார்த்தது. பேட்டரி தாங்கலாம், ஆனால் கார் மிதக்கும், கதவு திறக்காது. 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு இளம்பெண்ணின் உயிர் போனதை மறக்க வேண்டாம். சுரங்கப்பாதையில் தண்ணீர் தெரிந்தால் எந்தக் காராக இருந்தாலும் திருப்புங்கள்.

எங்கள் தெருவில் பழைய ரேவா மின்சார கார் ஒன்று தூசி படிந்து நிற்கிறது. சும்மா விலைக்குத் தருகிறேன் என்கிறார் அதன் சொந்தக்காரர். வாங்கலாமா?
– ஜோகுபாளையா வாசகர்

அடடா. 2001ல் நம் ஊரிலேயே தயாராகி விற்பனைக்கு வந்த கார் அது. லண்டன் தெருக்களிலும் ஓடியது. பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் எட்டு லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும், மொத்தம் 48 வோல்ட். அவை செத்திருக்கும், எட்டையும் மாற்றணும். கன்ட்ரோலர் போயிருந்தால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். தினமும் ஆபீஸ் போக என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பொழுது போக, கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்றால் வாங்குங்கள். முதலில் ஆர்.சி. செல்லுமா என்று பாருங்கள். அப்புறம் ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.