அம்மாவுக்கு பிசினஸ் கிளாஸ் தேவையா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு 72 வயது அம்மாவை அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பிசினஸ் கிளாஸ் எடுக்கலாம் என்றால், "அந்தக் காசுக்கு ஒரு சங்கிலி வாங்கலாமே" என்கிறார். என்ன செய்ய? (வாசகி, ஈசூன்)

பதில்: சங்கிலிக் கணக்கும் நியாயமான கணக்குதான். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் நேராக நுவார்க் போவதென்றால் 18 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும், அந்த ஏ350 விமானத்தில் எகானமியே கிடையாது. மொத்தம் 161 இருக்கை, அதில் 67 பிசினஸ், மீதி 94 பிரீமியம் எகானமி. பிரீமியத்தில் கால் நீட்ட ஓரளவு இடம் உண்டு, படுக்க முடியாது. நீங்கள் காசு கொடுப்பது அந்தப் படுக்கைக்குத்தான். லவுஞ்ச், ஷாம்பெயின் எல்லாம் அம்மாவுக்கு எதற்கு?

படுக்கையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் இருக்கை முழுதாகப் படுத்துக்கொள்ளாது, எழுந்து நின்று முதுகுப் பலகையை முன்பக்கம் மடக்கிப் போட வேண்டும், கால் வைக்கும் குழியும் ஒரு மூலையில் இருப்பதால் சற்றுக் குறுக்காகத்தான் படுக்க முடியும். பணிப்பெண்ணிடம் சொன்னால் போட்டுத் தருவார். ஆனால் நம் அம்மாக்கள் மணியை அமுக்கி உதவி கேட்பார்களா? அதனால் அவரை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் உட்காரும் சிக்கனம் வேண்டாம். நடுவில் ஜோடியாக இருக்கும் இரண்டு இருக்கைகளை எடுங்கள், ஜன்னலோரம் ஒற்றை ஒற்றையாக இருக்கும்.

இரண்டு பக்கமும் கட்டுப்படியாகாவிட்டால் போகும்போது மட்டும் பிசினஸ். சாங்கியிலிருந்து இரவில் கிளம்புகிறது, தூங்கிக்கொண்டே போகலாம். சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லி வையுங்கள், அதற்கு எந்த வகுப்பிலும் தனிக் காசு இல்லை. அம்மா சைவம் என்றால் இந்திய சைவச் சாப்பாட்டை 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். படுக்கை இருக்கிறதே என்று படுத்தே கிடக்காமல் அவ்வப்போது எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கார்டு பாயின்ட் நிறையச் சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் டிக்கெட் எடுக்க உதவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலாக மாற்றிவிடலாமா? (வாசகர், ஜூரோங்)

பதில்: அவசரப்படாதீர்கள். மைலாக மாற்றிய பாயின்ட் திரும்பி வராது, மைலுக்கும் 3 வருடம்தான் ஆயுள். நீங்கள் போகும் தேதியில் சேவர் இடம், அதாவது குறைந்த மைலுக்குக் கிடைக்கும் இருக்கை, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பள்ளி விடுமுறையும் தீபாவளியும் என்றால் பெரும்பாலும் வெயிட்லிஸ்ட்தான். ஒரு வழிக்கு மட்டும் மைலில் எடுக்கலாம் என்பதால், இருப்பது பாதிதானே என்று விட்டுவிடாதீர்கள். பாயின்ட் மைலாகி வர சில நாள் பிடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.