கூண்டுக்குள்ளேயே வளரும் சிப்பித் திருடன்

கேள்வி: புன்னைக்காயல் பக்கம் கழிமுகத்தில் சவுக்குக் கம்பு நட்டு, கூண்டில் சிப்பி வளர்க்கிறோம். இப்போது தூக்கினால் பாதி வெறும் ஓடு. உள்ளே கட்டைவிரல் பருமனில் சங்குகள். வலைக்கண்ணில் நுழையவே முடியாத இவை எப்படி வந்தன? மருந்து உண்டா?

பதில்: மருந்தை மறந்துவிடுங்கள். நத்தைக் குருணை, மயில்துத்தம் எதுவும் கூண்டுப் பக்கம் வரக்கூடாது. சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். நீங்கள் கலக்குவது அதன் சதையில்தான் போய்ச் சேரும்.

அந்தச் சங்குகள் பெரிதாகி நுழைந்தவை அல்ல. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மிதந்து வந்து, உங்கள் சிப்பியைத் தின்றே வளர்ந்தவை. வலைக்கண்ணைச் சின்னதாக்கினால் நீரோட்டம் அடைபட்டுச் சிப்பிதான் மெலியும்.

செத்த ஓடு பத்தைக் கழுவிப் பாருங்கள். விளிம்பு உடைந்திருந்தால் நண்டு. ஊசியால் குடைந்தாற்போல வட்டத் துளை இருந்தால் துளை போடும் சங்கு. இரண்டும் இல்லாமல் ஓடு முழுசாக வாய் பிளந்து கிடந்தால் பெரும்பாலும் சிமாட்டியம் என்ற சங்குதான். சிப்பி வாய் திறக்கும் நேரம் பார்த்துத் தும்பிக்கை போன்ற குழலை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும். 1970களில் தூத்துக்குடியில் (அன்று அது நெல்லை மாவட்டம்) மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சிப்பி வளர்த்தபோதும் இதே தொல்லைதான்.

பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கூண்டைத் தூக்கிக் கொட்டுங்கள். பெரிய சங்கு யார் கண்ணிலும் படும். நீங்கள் தேட வேண்டியது பயறு அளவுக் குஞ்சை. இரண்டு சிப்பி ஒட்டிய இடுக்கில், கூண்டு மூலையில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். கொத்தாக ஒட்டிய முட்டைப் பைகளையும் சுரண்டி எடுங்கள். சில சமயம் தாய்ச்சங்கு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். எடுத்ததைக் கூண்டு ஓரத்திலேயே வீசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது திருடனைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்த கதை. கரைக்குக் கொண்டுவந்து புதையுங்கள்.

பொறுக்கியபின் சிப்பியை நல்ல தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் போடலாம். சிப்பி வாயை மூடிக்கொள்ளும், குஞ்சுச் சங்கு பிடி தளரும், அப்புறம் உதறுங்கள். பெரிய சங்கு மூடியை இறுக்கிக்கொண்டு தப்பிவிடும், அதற்குக் கைதான் மருந்து. முதலில் பத்துச் சிப்பியில் செய்து பாருங்கள்.

உங்களுக்குத் தாமிரபரணியே பெரிய துணை. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று நீர் இறங்கி உப்பு குறைந்தால் இந்தக் கடற்சங்கு தாங்காது. நம் சிப்பி ஓரளவு தாங்கும். அதனால் கம்புகளைக் கொஞ்சம் ஆற்றுப் பக்கமாக நடுவது நல்லது. சரி, ரொம்பவும் உள்ளே போகாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் போல வந்தால் கம்போடு போய்விடும். தை பிறந்து உப்பு ஏறத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

கையுறை அவசியம். கூம்பு வடிவச் சங்கு சிக்கினால் தொடவே தொடாதீர்கள். கொட்டினால் ஆளைக் கொல்லும் வகையும் மன்னார் வளைகுடாவில் உண்டு.