இசக்கி யார்?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் வள்ளியூர் பக்கம், வேலை சென்னையில். பெயரைச் சொன்னாலே, "இசக்கின்னா பேய்தானே?" என்கிறார்கள். அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. இசக்கி பெயரைத்தான் வைக்கணும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். மனைவிக்குத் தயக்கம். இந்தப் பெயருக்கு என்னதான் பொருள்?

இசக்கிமுத்து

அன்புள்ள இசக்கிமுத்து,

இசக்கி பேய் இல்லை, இயக்கி. பேச்சில் உயிர் உசிராவது போல இயக்கி இசக்கியானாள். வடமொழியில் யக்ஷி. சமணத்தில் தீர்த்தங்கரர் எனப்படும் பெரிய குருமார் ஒவ்வொருவருக்கும் ஒரு யக்ஷி காவல் தெய்வம். சிலப்பதிகாரத்தில் ஆயர்குல முதியவள் மாதரி, மதுரைக்கு வெளியே பூங்கண் இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கண்ணகி மாதரியிடம் அடைக்கலமாகிறாள்.

யக்ஷிகளில் அம்பிகையின் கதையைக் கேளுங்கள். திவசத்துக்குச் சமைத்த சோற்றைப் பசியோடு வந்த சமணத் துறவிக்குப் போட்டாள் என்று கணவன் அவளை இரண்டு பிள்ளைகளோடு வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் உயிரை விட்டு நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் யக்ஷியாகிறாள். மார்த்தாண்டம் பக்கம் சிதறால் குன்றில், பிள்ளைகளும் சிங்கமும் உடனிருக்க, பாறையில் நிற்கிறாள். அங்குள்ள சமணக் கோயில் பின்னாளில் பகவதி கோயிலானது. இனி நம் பக்கத்து நீலி கதையை நினைத்துப் பாருங்கள். அங்கும் நம்பியவனால் வஞ்சிக்கப்பட்டுச் செத்த ஒரு பெண், கையில் ஒரு பிள்ளை. நீலிதான் இசக்கி என்று வில்லுப்பாட்டில் பாடுகிறார்கள். இரண்டும் ஒரே கதை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அநியாயமாகச் செத்த தாயைத் தெய்வமாக்கிக் கும்பிடும் மனசு ஒன்றுதான்.

இசக்கி உக்கிரமானவள், சரி. சில கோயில்களில் வாயில் பிள்ளையைக் கவ்வியபடிகூட இருப்பாள். அதைப் பார்த்துத்தான் பேய் என்கிறார்கள். ஆனால் பிள்ளை வேண்டி அவள் சன்னதியில் தொட்டில் கட்டும் பெண்கள் யாரும் அவளைப் பேயாக நினைப்பதில்லை. பிள்ளை பிறந்தால் உன் பெயரை வைக்கிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். அதனால்தான் ஆணுக்கு இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி, பெண்ணுக்கு இசக்கியம்மாள். ஆண் பிள்ளைக்குக் கூசாமல் ஒரு பெண் தெய்வத்தின் பெயரை வைக்கிற வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்களுக்கும் அப்படி ஒரு நேர்ச்சையில்தான் பெயர் வைத்தார்களா, முப்பந்தல் இசக்கி கோயிலிலா உள்ளூர்க் கோயிலிலா என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும்போது மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் இருவரும் பேசி முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், வையுங்கள் என்றுதான் சொல்வேன்.