2009 கேம்ரி, இரண்டு கோட், 2,400 டாலர்: கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். சான் ஹோசே வந்து நாலு மாதம் ஆகிறது. நாலு சிலிண்டர் 2009 டொயோட்டா கேம்ரி, 1,46,000 மைல் ஓடியதை ஒரு தனிநபரிடம் வாங்கினீர்கள். ஒன்பதாம் நாள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் பி0171, பி0420 என்று இரண்டு கோட் (கோளாறுக் குறியீடு) எடுத்துக் காட்டி, எஞ்சின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்ற 2,400 டாலர் என்கிறார். ஸ்மாக் (புகைப் பரிசோதனை) சான்றிதழை அப்புறம் தருகிறேன் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கோட்களையும் யாரும் அழிக்க விடாதீர்கள்.

முதலில் விளக்கைக் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் வண்டியை ஓட்டலாம். சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். அப்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி ஓரங்கட்டி, டோ பண்ணுவதுதான் மலிவு.

அடுத்து 20, 30 டாலருக்குள் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியிலிருந்து கோட்களைப் படிக்கும் கருவி) வாங்குங்கள். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எந்தப் பெட்ரோல் காரிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் இருக்கும், அதில் செருகினால் போதும். கோட் எண்ணோடு நிறுத்தாதீர்கள், ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கோட் விழுந்த நொடியில் எஞ்சின் சூடு, ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி), வேகம், ஃபியூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எல்லாம் என்ன என்று அதில் பதிந்திருக்கும். கோட்களை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும்.

‘கோட் அழித்தபின் ஓடிய தூரம்’ என்றும் ஒரு வரி இருக்கும். வாங்கிய அன்றைய ஓடோமீட்டர் எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள். நீங்கள் ஓட்டியது 310 மைல், ஸ்கேனர் காட்டுவது 335 மைல் என்றால், உங்கள் கைக்கு வருவதற்கு 25 மைல் முன்னால்தான் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சில ஆப் கிலோமீட்டரில் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

இனி கோட். பி0420 என்றால் ‘கன்வெர்ட்டரை மாற்று’ என்று பொருள் இல்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்த அளவில் சுத்திகரிப்பு போதவில்லை, அவ்வளவுதான். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இரண்டும் சேர்ந்து வந்தால் 0171-ஐத்தான் முதலில் தீர்க்க வேண்டும். கலவையே கோணலாக இருக்கும்போது கன்வெர்ட்டரைப் பற்றி வரும் தீர்ப்பை நம்ப முடியாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சிறு விரிசலோ கேஸ்கெட் கசிவோ இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, ஒரே கோளாறு இரண்டு கோட்களையும் போட்டுவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் அங்கேதான் தேட வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் இரண்டையும் கூட்டுங்கள். பூஜ்யத்துக்கு இருபுறமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. சும்மா நிற்கும்போது 20-க்கு மேல் போய், 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்குவம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே புகுகிறது: ஏர் ஃபில்டரிலிருந்து போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திருப்பி இழுக்கும் பிசிவி குழாயையும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால், புகையைச் செலுத்திக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லலாம். மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் அழுக்கு, இல்லையென்றால் பெட்ரோல் அழுத்தம் குறைவு.

மாஃப் சுத்தம் செய்வது கால் மணி நேர வேலை. ஏர் ஃபில்டர் பெட்டியருகே இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, சென்சாரை நேராக மேலே எடுங்கள். உள்ளே தலைமுடி போல மெல்லிய கம்பி தெரியும், விரலோ துணியோ படக்கூடாது. மாஃப் க்ளீனர் என்றே எழுதிய ஸ்ப்ரேயைப் பத்துப் பதினைந்து முறை அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். பிரேக் க்ளீனர் அடித்தால் புது சென்சார் வாங்க வேண்டியதுதான்.

ட்ரிம் சரியான பிறகும் 0420 திரும்பினால், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பின் சென்சாரின் வோல்ட்டைப் பாருங்கள். 0.6, 0.7 என்று ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் ஊஞ்சலாடினால் அதன் ஆயுள் முடிந்தது.

அப்படி முடிந்திருந்தால் ஏன் முடிந்தது என்றும் கேட்க வேண்டும். 2007 முதல் 2009 வரையிலான கேம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. எரிந்த ஆயிலின் சாம்பல் கன்வெர்ட்டருக்கு நஞ்சு. சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்து, 500 மைல் கழித்து மறுபடி பாருங்கள். 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஏறக்குறைய ஒரு லிட்டர்) மேல் ஆயில் குறைகிற வண்டியில் புது கன்வெர்ட்டர் போடுவது விழலுக்கு இறைத்த நீர். மேலும், கலிஃபோர்னியாவில் டொயோட்டாவின் சொந்தக் கன்வெர்ட்டரோ, மாநிலக் காற்றுத் தர வாரியமான ‘கார்ப்’ அனுமதி எண் பொறித்த கன்வெர்ட்டரோதான் செல்லும். வெளி மாநிலத்துக்கான மலிவுச் சரக்கை மாட்டினால் ஸ்மாக்கில் கண்ணால் பார்த்தே தள்ளிவிடுவார்கள்.

பணத்தைக் கையிலெடுக்கும் முன் விற்றவரைப் பிடியுங்கள். இந்த வயது வண்டிக்கு 90 நாளுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றிதழைத் தருவது இங்கே சட்டப்படி விற்பவர் பொறுப்பு. ‘ஆஸ் இஸ்’ (இருக்கிறபடியே விற்கிறேன்) என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அது மாறாது. ஸ்க்ரீன்ஷாட்களோடு குறுஞ்செய்தி அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

மெக்கானிக்கிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்து கோட் அழித்த அன்றே ஸ்மாக்குக்கு ஓடாதீர்கள். கோட் அழித்ததும் மானிட்டர்கள் (காரின் சுயபரிசோதனைகள்) முதலிலிருந்து தொடங்கும்; 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் காரில், பெட்ரோல் ஆவிக் கசிவைப் பார்க்கும் ஈவாப் தவிர எல்லா மானிட்டரும் ‘ரெடி’ என்று காட்ட வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்து, ஃப்ரீவேயில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டி, நகர்ச்சாலையில் நின்று நின்று திரும்புங்கள். இப்படி நாலைந்து நாள் ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் பார்த்த பிறகு போங்கள்.