கிராணி வீட்டுப் பிள்ளையும் கார்பன் கணக்கும்

அண்ணே, வணக்கம்.

அன்றைக்கு சுங்கை சிப்புட் கடையில் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை பேசியும் உங்கள் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போகிற என் மகள் பருவநிலை மாதிரி, கார்பன் கணக்கு படிக்கப்போகிறேன் என்கிறாள். 2100இல் எவ்வளவு வெயில் அடிக்கும் என்று சொல்வது ஜோசியம்தானே தம்பி, அதற்கு யார் சம்பளம் கொடுப்பான்?” என்றீர்கள்.

ஜோசியத்துக்கு நோபல் பரிசு தரமாட்டார்கள் அண்ணே. கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1960களிலேயே கணினியில் கணக்குப் போட்ட சுக்குரோ மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஜோசியர் “இது நடக்கும்” என்பார். இவர்கள் “இவ்வளவு புகை விட்டால் இவ்வளவு சூடு” என்பார்கள். காற்றும் கடலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சமன்பாடு இருக்கிறது, அதைக் கணினியில் ஓட்டுவதுதான் பருவநிலை மாதிரி. மனிதன் எவ்வளவு புகை விடுவான் என்பதற்கு இல்லை. அதனால் அதைப் பல பாதைகளாக வைத்து மாதிரிக்குள் கொடுக்கிறார்கள். ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2021 அறிக்கையில் முக்கியமாக ஐந்து பாதைகள். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தைவிட, நூற்றாண்டுக் கடைசியில் ஆகக் குறைந்த பாதையில் சுமார் 1.4 டிகிரி உயர்வு, ஆக மோசமான பாதையில் 4.4. பேப்பரில் “4 டிகிரி ஏறும்” என்று வந்தால், எந்தப் பாதையில் என்று கேட்கப் பிள்ளை பழகிக்கொள்ளட்டும். எழுதுகிறவர்களே பல நேரம் அதைச் சொல்வதில்லை.

இதில் உங்களுக்குப் பழகிய கணக்கு ஒன்று உண்டு. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் மளிகைக்கடைக் கடன் புத்தகம் வைத்திருந்தோமே, அதுதான். இந்த மாதம் குறைவாக வாங்கினால் கடன் குறையாது, ஏறுகிற வேகம்தான் குறையும். கரியமில வாயுவும் அப்படியே மேலே சேர்ந்துகொண்டு போகிறது. ஒவ்வொரு 1,000 பில்லியன் டன்னுக்கும் சுமார் 0.45 டிகிரி. 1.5 டிகிரிக்குள் நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது வேண்டுமென்றால், 2020 தொடக்கத்தில் இன்னும் விட மிச்சம் இருந்தது 500 பில்லியன் டன். உலகம் வருடத்துக்கு ஏறக்குறைய 40 பில்லியன் டன் விடுகிறது. வகுத்துப் பாருங்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2030க்கு மலேசியா சொன்ன இலக்கு, 2005ஐவிட 45 விழுக்காடு குறைப்பு. ஆனால் அது மொத்தப் புகையில் இல்லை. உற்பத்தியாகும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எவ்வளவு புகை என்பதில்தான். சம்பளத்தோடு சேர்த்துப் பார்த்தால் கடன் சிறுத்துத் தெரியும். கடைக்காரர் பார்ப்பது மொத்தத் தொகையை. இந்த வித்தியாசத்தை எண்ணோடு காட்டி, கொள்கை வகுக்கிறவர்களுக்குப் புரியவைக்க ஆள் வேண்டும். உங்கள் மகள் சொல்லும் வேலை அதுதான்.

சரி, சம்பளம். ஒளிக்காமல் சொல்கிறேன். மாதிரியை ஓட்டுகிற வேலை இங்கே மிகக் குறைவு. வானிலைத் துறை, நீர் ஆய்வு செய்யும் நாஹ்ரிம், பாங்கி யூகேஎம் போன்ற பல்கலைக்கழகங்கள், அவ்வளவுதான். அதற்கும் முதுகலை, பல நேரம் முனைவர் பட்டம் கேட்பார்கள். புகை வெளியேற்றத்தைக் கணக்கெடுக்கிற வேலை வேறு கதை. புர்சா பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் 2025லிருந்து பருவநிலை அறிக்கை தரவேண்டியிருக்கிறது. செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குட்டை வாடை உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து வரும் மீத்தேன், நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். அதை அளந்து எழுதவும் படித்த ஆள் வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் கிடைக்கும். அங்கிருந்து கொள்கைப் பக்கம் நகரலாம்.

படிப்பு விஷயத்தில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ‘பசுமை’ என்று பெயர் வைத்த தனியார் டிப்ளோமா ஒன்றுக்கு ஒரு பையனை அனுப்பிவைத்தேன். புள்ளியியல் ஒரு பாடம்கூட இல்லை. பையன் கடனோடு திரும்பி வந்தான். அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இயற்பியல், கணிதம், புள்ளியியல் இவற்றில் ஒரு பட்டம் இருந்தால் எந்தக் கதவும் அடைபடாது. கூடுதல் கணிதத்தை மட்டும் விட்டுவிடக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம் போகட்டும். ஒன்றரை வருடம், செலவும் குறைவு. பைத்தான் நிரல்மொழியை வீட்டிலேயே இலவசமாகப் பழகலாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் தெளிவாக எழுதத் தெரியவேண்டும், அது பெரிய மூலதனம்.

அப்புறம் ஒன்று. உலக மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடும், ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர். ஈப்போவும் கோலகங்சாரும் நம் ஊரும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். அதைச் சின்னக் கட்டமாக்கும்போது, சரியா தப்பா என்று ஒத்துப் பார்க்கத் தரையில் அளந்த மழைக்கணக்கு வேண்டும். கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, நீங்கள் தினமும் காலையில் ஆபீஸ் முன்னால் மழைமானியைத் தூக்கிப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுகிறீர்களே, அதுபோன்ற கணக்கு. இன்று நடும் செம்பனைக் கன்று இருபத்தைந்து வருடம் நிற்கும். அதுவரை மழை எப்படி இருக்கும் என்ற கேள்வி உங்கள் மேனேஜருக்கும் வரும்.

எஸ்.பி.எம். முடிந்து ரிசல்ட் வரும்வரை பிள்ளை சும்மாதானே இருப்பாள். ஆபீசில் கேட்டு, பத்து வருட மழைப் புத்தகங்களைக் கொடுத்து எக்செலில் ஏற்றச் சொல்லுங்கள். மாதவாரியாகச் சராசரி போட்டு, விடுபட்ட நாள்களையும் குறித்து என்னிடம் கொண்டுவரட்டும். மூன்றாவது நாளே சலித்துப்போனால் வேறு படிப்பு பேசலாம். புத்தகங்களை மட்டும் பத்திரமாகத் திருப்பி வைத்துவிடுங்கள், தணிக்கை வந்தால் உங்களைத்தான் கேட்பார்கள்.