புரோட்டீன் பவுடர் கொடுத்தால் மூளை தேறுமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. இரண்டு வருடம் ஹெராயின் எடுத்தான். இங்கே ‘ப்ரவுன்’ என்பார்களே, அதுதான். நான்கு மாதமாக, ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் மருந்தைக் குடிக்கிறான். “மூளையில் புரதமெல்லாம் கரைந்திருக்கும், புரோட்டீன் பவுடர் கொடு” என்கிறார் உறவினர் ஒருவர். கொடுக்கலாமா? தைப்பூசக் காவடி விரதம் பத்து நாளும் மெதடோனை நிறுத்தி வைக்கலாமா?
ஒரு தாய், போர்ட் லூயிஸ்

பதில்: அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மெதடோனை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.

புரதம் பற்றி உங்கள் உறவினர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஹெராயின் உடலுக்குள் மார்ஃபினாக மாறி, மூளைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் (ரிசெப்டர்) போய் ஒட்டுகிறது. அந்த ஏற்பியே ஒரு புரதம்தான். ஒட்டியதும் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் குறைகிறது. நாள்தோறும் இப்படி அமுக்கினால் செல் சும்மா இருக்குமா? அந்தப் பொருளைத் தயாரிக்கும் நொதி என்ற புரதத்தைப் பெருக்கி ஈடுகட்டுகிறது. பழைய அளவு போதாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திடீரென்று போதை நின்றால், பெருகிய நொதி தடையில்லாமல் ஓடும். வியர்வை, வாந்தி, உடல்வலி, தூக்கமின்மை எல்லாம் அப்போது வருபவை. 1960களின் கடைசியில் எலிகளுக்கு மார்ஃபினோடு, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். மார்ஃபின் உடம்புக்குப் பழகிப்போவது தடைப்பட்டது. அதாவது, பழகிப்போவதற்கே புதுப் புரதம் வேண்டியிருக்கிறது. அப்புறம், போதை எடுக்க எடுக்க மூளையில் சேரும் டெல்டா ஃபாஸ்-பி என்றொரு புரதம் உண்டு. அதன் இனத்துப் புரதங்கள் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். இது வாரக்கணக்கில் தங்கும். விட்ட பிறகும் ஆசை இழுப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு மனஉறுதி இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆக, புரதம் கரையவில்லை. எதை எவ்வளவு செய்வது என்ற செல்லின் கணக்குதான் மாறியிருக்கிறது. பவுடர் வயிற்றில் அமினோ அமிலமாக உடைந்துவிடும், அந்தக் கணக்கைத் திருத்தாது. உடம்பு மெலிந்திருந்தால் பருப்பு, முட்டை, மீன் கொடுங்கள். விரத நாட்களில் பருப்பும் தயிரும் போதும்.

மெதடோனும் அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது. ஆனால் மெதுவாக, ஒரு நாள் முழுக்க. ஏற்ற இறக்கம் இல்லாததால் செல்லுக்கு அமைதி கிடைக்கிறது. நம் மொரிஷியஸில் 2006 முதல் இதைக் கொடுக்கிறார்கள். பத்து நாள் நிறுத்தினால் உடம்பு தாங்கும் அளவு இறங்கிவிடும். அந்த நிலையில் பழைய அளவு ப்ரவுனை ஒரே ஒரு முறை எடுத்தாலும் மூச்சு நின்றுபோகலாம். நான் பயப்படுவது இதற்குத்தான்.

காலையில் மெதடோனைக் குடித்துவிட்டு விரதம் இருக்கட்டும், காவடியும் எடுக்கட்டும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. எப்படியோ சில நாள் விட்டுப்போனால், பழைய அளவை அப்படியே குடிக்க விடாதீர்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் முதலில் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள்.