இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி: என் மடிக்கணினியில் உள்ளமைந்த இன்டெல் கிராபிக்ஸும் 4 ஜிபி தனி கிராபிக்ஸும் இருக்கின்றன. ஆனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளும் சில விளையாட்டுகளும் இன்டெல்லிலேயே ஓடுகின்றன. சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தால் திரை கறுத்துப்போகிறது. கடைக்காரர் விண்டோஸைக் குறை சொல்கிறார், சர்வீஸ் சென்டரில் டிரைவரைக் குறை சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யலாம்?

பதில்:

இருவர் சொல்வதும் பாதி சரி. ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகளை வைத்து வேலையைப் பகிர்ந்துகொள்ளச் செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு மூன்று எசமானர்கள் உண்டு: சிப்பைச் செய்தவர், மடிக்கணினியைக் கட்டியவர், விண்டோஸை எழுதியவர். மூவரில் ஒருவர் கைவிட்டாலும் திரை கறுத்துவிடும். கறுத்த திரைக்குப் பொறுப்பேற்க மூவரில் ஒருவரும் வரமாட்டார்கள். இதை நான் 2012-இல் வாங்கிய ஒரு மடிக்கணினியிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த இயந்திரத்தில் கை வைக்கும் இடத்தில், தனி கிராபிக்ஸ் இருப்பதைப் பறைசாற்றும் பளபளப்பான ஒட்டி ஒன்று இருந்தது. வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் பிளெண்டர் அந்தச் சிப்பைத் தொடவே இல்லை என்பது தெரிந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே ‘மின்சேமிப்பு’, ‘உயர் செயல்திறன்’ என்று இரண்டு தேர்வுகள் இருந்தன. உயர் செயல்திறனைத் தேர்ந்தெடுத்தேன், மறுதொடக்கம் செய்தேன், எந்த மாற்றமும் இல்லை. பிறகுதான் புரிந்தது: என் இயந்திரத்தில் அந்தத் தேர்வு டைரக்ட்எக்ஸ் வழியாகச் சிப்போடு பேசும் நிரல்களுக்கு மட்டுமே பலித்தது, பிளெண்டரோ ஓபன்ஜிஎல் என்ற வேறு வழியில் பேசுவது. ஆத்திரத்தில், வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, உள்ளமைந்த கிராபிக்ஸை முடக்கினால் தனிச் சிப் தானாக வேலைக்கு வந்துவிடும் என்று நினைத்து அதை முடக்கிப் பார்த்தேன். ஐகான்கள் எல்லாம் வீங்கிப் பெரிதாகி, திரை பழைய காலத்துக் கணினி போல் ஆனதுதான் மிச்சம். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

ஏன் அப்படி ஆனது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிகளில் திரைக்குப் போகும் கம்பி உள்ளமைந்த சிப்பில் மட்டுமே இணைந்திருக்கும். தனிச் சிப்புக்குத் திரையோடு நேரடித் தொடர்பே கிடையாது. அது படத்தை வரைந்து முடித்ததும் அந்தப் படம் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற உள் இணைப்பு வழியாக முதன்மை நினைவகத்துக்கு நகலெடுக்கப்படுகிறது; அங்கிருந்து எடுத்துத் திரைக்கு அனுப்புவது உள்ளமைந்த சிப்பின் வேலை. சமையற்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பரிமாறுகிறவரை வெளியே அனுப்பிவிட்டால் இலைக்கு எதுவும் வந்து சேராது அல்லவா, அதே கதைதான். இந்த நகலெடுப்பால் விளையாட்டுகளில் கொஞ்சம் வேகமும் குறையும். சில இயந்திரங்களில் எச்டிஎம்ஐ துளை மட்டும் தனிச் சிப்போடு நேரடியாக இணைந்திருக்கும். வெளித்திரையில் விளையாட்டு வேகமாக ஓடி, சொந்தத் திரையில் தடுமாறுவதற்கு அது காரணமாக இருக்கலாம். வெளித்திரையைச் செருகியதும் பேட்டரி வேகமாகக் கரைவதற்கும் அதுவே காரணம், ஏனென்றால் அப்போது தனிச் சிப் தூங்கவே முடியாது.

முதலில் இப்படி இல்லை. 2006-இல் வந்த சோனி வயோ எஸ்இஸட் வரிசையில் விசைப்பலகைக்கு மேலே ஒரு பொத்தானே இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் வேகம், மறுபக்கம் தள்ளினால் நீடித்த பேட்டரி. மாற்றுவதற்கு மறுதொடக்கம் செய்ய வேண்டும். தொல்லைதான், ஆனால் எந்தச் சிப் ஓடுகிறது என்பதில் சந்தேகமே இருக்காது. 2010 பிப்ரவரியில், தனிச் சிப்புகளைச் செய்யும் என்விடியா, சிப்புகளைத் தானாக மாற்றும் ஆப்டிமஸ் ஏற்பாட்டை அறிவித்தபோது, பயனர் எதையும் தொட வேண்டாம், டிரைவரே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் இதே வழியில் வந்து, 2012-இல் தன் ஏற்பாட்டுக்கு என்டியூரோ என்று பெயர் வைத்தது. பொத்தான் போய்விட்டது. அதோடு, நம் கையில் இருந்த முடிவும் போய்விட்டது.

டிரைவர் எப்படி முடிவெடுக்கிறது என்றால், பெரும்பாலும் நிரலின் கோப்புப் பெயரைப் பார்த்துத்தான். புகழ்பெற்ற விளையாட்டுகளின் பெயர்கள் அதன் பட்டியலில் இருக்கும். எழுதியவரே தன் நிரலுக்குள் ‘எனக்குத் தனிச் சிப் வேண்டும்’ என்று ஓர் அடையாளத்தை வைத்திருந்தாலும் பலிக்கும். இரண்டும் இல்லாத நிரல் அமைதியாக உள்ளமைந்த சிப்புக்குப் போய்விடும். விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து இந்த முடிவை விண்டோஸிலேயே நாம் எழுதிவைக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய், நிரலின் எக்ஸி கோப்பைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு: படத்தை உண்மையில் வரைகிற கோப்பைச் சேர்க்க வேண்டுமே தவிர, அதைத் தொடங்கிவைக்கிற லாஞ்சரை அல்ல. ஜாவாவில் எழுதப்பட்ட மைன்கிராஃப்ட்டுக்கு அது ஜாவாடபிள்யூ என்ற கோப்பு; லாஞ்சரை எத்தனை முறை சேர்த்தாலும் பயனில்லை. சேர்த்த பிறகு நிரலை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு சிப்புகளுக்கும் உள்ள வரைபடங்களில் எது உயர்கிறது என்று பாருங்கள். மற்ற எதையும் நம்பாதீர்கள், அந்த வரைபடத்தை நம்புங்கள். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன பரிமாறும் வேலைதான் அது.

உங்கள் முதல் சிக்கல் இத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவதுதான், அதாவது டிரைவர்தான், கசப்பான பகுதி.

டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் சிப்பின் பண்புகளைத் திறந்து, டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதைப் பாருங்கள். நீளமான ஓர் எழுத்துக்கோவை தெரியும். அதன் முதல் பகுதி சிப்பை விற்றவரின் எண்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. தன் பழைய பிராசசரின் பெயரையே இன்டெல் தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் பிடித்த சின்னக் குறும்பு. அடுத்த பகுதி சிப்பின் மாதிரி எண். மூன்றாவதாகச் சப்சிஸ் என்று தொடங்குவதுதான் வில்லங்கமானது; இந்தச் சிப் எந்த மடிக்கணினித் தயாரிப்பாளரின் எந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது என்பதை அது சொல்லும். டிரைவருடன் வரும் ஐஎன்எஃப் கோப்பு, தான் ஏற்கும் எண்களின் வரிசையைக் கொண்டிருக்கிறது. சிப் ஒன்றாகவே இருந்தாலும், அந்தக் கோப்பு தயாரிப்பாளரின் எண்ணையும் சேர்த்துக் கேட்டால், உங்கள் எண் அதில் இல்லாதபோது ‘பொருத்தமான வன்பொருள் இல்லை’ என்று நிறுவி திருப்பி அனுப்பிவிடும்.

என் இயந்திரத்துக்கு நடந்தது இதுதான். தயாரிப்பாளரின் தளத்தில் விண்டோஸ் 7-க்கான ஒரே ஒரு டிரைவர் தொகுப்பு இருந்தது. இரண்டு சிப்புகளின் டிரைவர்களும் அதற்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. 2015-இல் விண்டோஸ் 10-க்கு மாறிய சில நாட்களில், விண்டோஸ் அப்டேட் தானாகவே உள்ளமைந்த சிப்பின் டிரைவரை மட்டும் புதியதாக மாற்றிவைத்தது. இரண்டுக்கும் ஜோடி பொருந்தவில்லை. தனிச் சிப்பின் மேல் மஞ்சள் முக்கோணமும் குறியீடு 43 என்ற பிழையும் வந்து உட்கார்ந்தன. சிப் நிறுவனத்தின் பக்கம் ‘உங்கள் மடிக்கணினித் தயாரிப்பாளரை அணுகவும்’ என்றது. தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் இருந்தவர், மரியாதையாகத்தான், “சார், இந்த மாடலுக்கு விண்டோஸ் 10 சப்போர்ட் இல்லை, பழையதையே போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். கடைசியில் நோட்பேடில் ஐஎன்எஃப் கோப்பைத் திறந்து, என் சப்சிஸ் எண்ணை ஒரு வரியாகச் சேர்த்து, அதனால் உடைந்துபோன டிஜிட்டல் கையொப்பத்துக்காக விண்டோஸின் கையொப்பச் சரிபார்ப்பையும் ஒருமுறை நிறுத்திவைத்து, நள்ளிரவில் டிரைவரை ஏற்றினேன். வேலை செய்தது. ஒரு வீட்டுப் பயனர் தன் சொந்தப் பொருளைப் பயன்படுத்த இவ்வளவு செய்ய வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. இந்த வித்தையை நான் பரிந்துரைக்கவில்லை. கையொப்பமில்லாத டிரைவரை ஏற்றுவது பாதுகாப்புக்கு நல்லதல்ல.

டிரைவரைத் தயாரிப்பாளரின் எண்ணோடு இப்படிப் பூட்டிவைப்பதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சூட்டைக் கட்டுப்படுத்துவது, தூக்கத்திலிருந்து எழுவது, வெளிச்ச விசைகள் என மடிக்கணினித் தயாரிப்பாளர் தன் இயந்திரத்துக்கென்று சரிசெய்தவை பல உண்டு, பொது டிரைவர் அவற்றைக் கெடுக்கலாம். ஆனால் பூட்டுகிறவருக்குச் சாவியைத் தொடர்ந்து புதுப்பித்துத் தரும் கடமையும் உண்டு. முதல் ஆண்டோடு அதை மறந்துவிடுகிறவர்களே அதிகம். ஒரு காலத்தில் ஏஎம்டியின் மடிக்கணினி டிரைவர், இன்டெல் சிப்செட்டோடு மாறும் கிராபிக்ஸ் கொண்ட இயந்திரங்களையும், சோனி, தோஷிபா, பானாசோனிக் மடிக்கணினிகளையும் வெளிப்படையாகவே விலக்கிவைத்திருந்தது. நிலைமை பிறகு மாறியது: ஏஎம்டி 2019 பிப்ரவரியில் தன் ரைசன் பிராசசர் கொண்ட மடிக்கணினிகளுக்குத் தானே டிரைவர் தரத் தொடங்கியது, இன்டெல் 2020-இல் தன் கிராபிக்ஸ் டிரைவரின் பூட்டைத் திறந்துவிட்டது. ஆதரவுக் காலம் மட்டும் இன்னும் ஓரவஞ்சனையாகவே இருக்கிறது. என்விடியாவின் கெப்ளர் குடும்பத்தில் மடிக்கணினிச் சிப்புகளுக்கு வழக்கமான டிரைவர்கள் 2019 ஏப்ரலோடு நின்றன. அதே குடும்பத்து மேசைக்கணினி அட்டைகளுக்கு 2021 வரை வந்தன. மேசைக்கணினிக்காரர் அட்டையைக் கழற்றி வேறு போட்டுக்கொள்வார். நம்முடையது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போகலாமா என்று யாராவது கேட்பீர்கள். 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது பலருக்கும் தெரியும். அதைத் தூண்டியது ஆப்டிமஸ் மடிக்கணினியோடு அல்லாடிய ஒரு பெண்ணின் கேள்விதான் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த நாட்களில் லினக்ஸில் ஆப்டிமஸை ஓட்ட பம்பிள்பீ என்ற தன்னார்வலர் திட்டம்தான் கதி. அதன் நிறுவு நிரலில் 2011-இல் தவறுதலாக விழுந்த ஒரேயொரு இடைவெளி, நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவையே துடைத்தெறிந்த கதையும் உண்டு. என்விடியாவே 2019-இல் 435 வரிசை டிரைவரோடு வரைதலைத் தனிச் சிப்பிடம் ஒப்படைக்கும் பிரைம் ரெண்டர் ஆஃப்லோடு என்ற வசதியைத் தந்த பிறகு, புதிய சிப்புகளில் நிலைமை பரவாயில்லை. பழைய இயந்திரமென்றால் தனிச் சிப்பை அணைத்துவைக்கவாவது லினக்ஸ் உதவும்.

உங்களுக்கு இப்போது செய்யச் சொல்வது இது. திரை கறுத்தால், விண்டோஸை அடிப்படை டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து, டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். அது பலிக்காவிட்டால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியால் இரண்டு சிப்புகளின் டிரைவர்களையும் சுத்தமாக நீக்குங்கள். பிறகு முதலில் உள்ளமைந்த கிராபிக்ஸின் டிரைவர், மறுதொடக்கம், அதன்பின் தனிச் சிப்பின் டிரைவர் என்ற வரிசையில் ஏற்றுங்கள். இணையத்தைத் துண்டிக்கச் சொல்வது, நீங்கள் நீக்கிய இடைவெளியில் விண்டோஸ் அப்டேட் புகுந்து தனக்குப் பிடித்ததைப் போட்டுவிடாமல் இருக்கத்தான். கணினி தொடங்கும்போதே ஓடும் பயாஸ் அமைப்புப் பக்கத்தில் கிராபிக்ஸ் தொடர்பான தேர்வு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். என் பிளெண்டர் சிக்கல் கடைசியில் தீர்ந்தது, பிற்பாடு வந்த ஒரு பயாஸ் புதுப்பிப்பில் கிடைத்த அத்தகைய தேர்வால்தான். அடுத்த முறை வாங்கும்போது, எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன் மக்ஸ் ஸ்விட்ச் உண்டா என்று கேளுங்கள். அது இருந்தால் தனிச் சிப்பை நேரடியாகத் திரையோடு இணைக்க முடியும்.

டிரைவர்களை நீக்குவதற்கு முன், உங்கள் மாடலுக்கு இன்று தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும் டிரைவர் தொகுப்புகளையும் பயாஸ் கோப்பையும் ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என் மாடலின் பக்கத்தை நான் கடைசியாகத் தேடியபோது அந்த முகவரி முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. விண்டோஸ் 7-க்கான அந்தத் தொகுப்பு இன்று என்னிடம் இருப்பதற்குக் காரணம், மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு 8 ஜிபி பென்டிரைவ்தான்.